சிவப்புக் காரும் மஞ்சள் முடிச்சும்

ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நான் வண்டிகளை மதிக்கிறவன். ஒண்டிக்கடை முக்கில் என் பட்டறைக்குப் பின்னால் நின்ற அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என் சொந்தக் கார். தினமும் என் மனைவியின் புடவையால்தான் துடைப்பேன். உடுத்தியிருக்கும்போதே துடைப்பதாக அவள் சொல்வது மிகை. எஞ்சின் மட்டும் செத்துப்போயிருந்தது. அதனால் விற்கப் பார்த்தும் ஒருவரும் வாங்கவில்லை.

அப்போதுதான் மாரமங்கலம் செங்கோடன் தன் லோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காப்பி, மிளகு மூட்டை ஏற்றி அவர் குடும்பமே பிழைப்பது அதில்தான். டீசல் ஃபில்டர் அடைப்பு, அவ்வளவுதான். சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மஞ்சள் துணியில் காசு முடிந்து பானெட்டில் கட்டிவிட்டார்.

"சேர்வராயன் சாமிக்கு நேந்துட்டனுங்க. வைகாசித் திருவிழா வரைக்கும் முடிச்ச அவுக்கக் கூடாதுங்க. வண்டி இங்கியே நிக்கட்டுமுங்க."

ஒரு மனிதருக்கும் அவருடைய சாமிக்கும் நடுவே நாம் புகக்கூடாது. அதனால் முடிச்சை நான் தொடவே இல்லை. எஞ்சினை அடிவழியாக இறக்கிக்கொண்டேன்.

விளம்பரத்தில் எதையும் மறைக்கவில்லை. 'நன்கு பராமரிக்கப்பட்டது, எஞ்சின் மாற்றப்பட்டது' என்றே போட்டேன். எதிலிருந்து மாற்றினேன் என்று காரை வாங்கிய எஸ்டேட்காரர் ஜீவானந்தம் கேட்கவில்லை. மேடு ஏறும்போது இரண்டு முறை விக்கும். அது அந்த எஞ்சினின் பிறவிக் குணம்.

"பழைய காருன்னா இப்பிடித்தான் விக்குமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

செங்கோடனும் அவர் மனைவி அருக்காணியும் மூட்டைகளைத் தலையில் சுமந்து பஸ்ஸுக்கு நடந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பட்டறைக்கு வந்து வண்டிக்குச் சூடம் காட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் நானே வாங்கிக் கொடுத்தேன்.

திருவிழாவன்று முடிச்சை அவிழ்த்துப் பானெட்டைத் தூக்கினால் உள்ளே தரை தெரிந்தது. செங்கோடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமியே காணிக்கையா எடுத்துக்கிச்சுங்க," என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா ஜீவானந்தத்தின் கார் மேடு ஏற வேண்டும்? இரண்டு விக்கல். அருக்காணி திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது நம்ம வண்டி விக்கலுங்க. சாமி எடுத்து செவப்புக் காருக்கா குடுத்துச்சு?"

ஆமாம் ஐயா, எடுத்ததும் நான்தான், விற்றதும் நான்தான். ஆனால் முடிச்சு கட்டியபடியே இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் உங்கள் ஜீப் இருமியதைக் கேட்டேன். ஒரு மஞ்சள் துணியைக் கட்டி என் பட்டறையில் விட்டுவிடுங்கள். மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும்.