மூன்று அடி பின்னால்

கோழிகளால் பின்னோக்கி நடக்க முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடக்கும். நமக்குத்தான் பொறுமை வேண்டும். தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் நான் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் அதிகாரியாக இருந்தேன். முன்னால் போக எந்தக் கழுதைக்கும் தெரியும். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லும்போதுதான் ஆளின் லட்சணம் வெளியே வரும். நான் பக்கத்து சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். பேனாவின் தலையை அழுத்தினால் டிக் என்று சத்தம் வரும். கம்பத்தில் இடித்தால் ஒரு டிக். கோட்டைத் தாண்டினால் ஒரு டிக். வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியதில்லை. அந்தச் சத்தத்துக்கே சிலர் அழுதிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்று மூன்றாவது மாதமே என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் சமையல்கட்டுல திரும்புறதுக்கெல்லாம் டிக் டிக்னு அழுத்திக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெளிய போய் ஏதாவது பண்ணுங்க." அந்த வாரம்தான் ஓய்வூதியர் சங்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். பிராணிகளைப் பழக்கும் ஆண்டுப் போட்டி. நாய், பூனை, கிளிக்கு அனுமதி இல்லை. ஒரு முன்னாள் தபால்காரர் ஆமையைக் கொண்டுவருவார். ஒரு தலைமை நர்ஸ் பன்றிக்குட்டியை வளையத்துக்குள் தாண்ட வைப்பார். பாதிப் பேருக்கு மறை கழன்றுவிட்டது என்று அவரவர் வீட்டிலேயே சொல்வார்கள். நான் மூன்று கோழி வாங்கினேன். பெயர் வைத்துக் கொஞ்சும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான்.

முறை மிகவும் எளிது. கோழி தற்செயலாக ஒரு கால் பின்னால் வைக்கும். உடனே டிக், ஒரு மக்காச்சோள மணி. மறுபடி வைக்கும், மறுபடி டிக், மறுபடி மணி. சில மாதம் போனதும் கால் வைப்பதற்கு முன்பே டிக் கொடுக்க வேண்டும். கால் தானாகப் பின்னால் போகும். கோழிக்கு இதெல்லாம் எதற்கென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு மாதம் பாடுபட்டேன். இரண்டு என்ற கோழி, இருபுறமும் அடுக்கிய செங்கல்லில் இறகுகூடப் படாமல் ஒன்பது அடி பின்னால் போனது. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வருடம் கோப்பை எனக்குத்தான். என் மகன் வந்து கை தட்டினான்.

வினை என் சம்பந்தி ரூபத்தில் வந்தது. மருமகளின் அப்பா, ஓய்வு பெற்ற பல் டாக்டர். எப்போதும் வாயெல்லாம் பல்லாக இருப்பார், தொழில் அப்படி. "நானும் ஒரு கை பார்க்கிறேன் சம்பந்தி" என்று ஒரு வாத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கு மேடம் என்று பெயர். அவர் வீட்டில் இடம் போதாததால் தினமும் மாலை அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்துவிடுவார். அது அவர் பின்னால் போகும், அவர் மடியில் தூங்கும், அவர் செருப்பைக் கொத்தும்.

"அதுக்கு என்னதான் பழக்குறீங்க சம்பந்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்க பழக்குறேன்? அதுதான் என்னைப் பழக்கிக்கிட்டு இருக்கு."

இரண்டாம் வருடப் போட்டியில் என் கோழி ஒன்பது அடி பிசகாமல் நடந்தது. பதினொரு பேர் கை தட்டினார்கள், எண்ணினேன். அடுத்து மேடம். பலகை ஏறி இறங்க வேண்டும். அது பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக நடுவரிடம் போய், அவருடைய ஷூவின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. நடுவர் ஒரு ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். தூக்கம் கலையக் கூடாது என்று பத்து நிமிடம் காலை அசைக்காமல் நின்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் பரிசு வாத்துக்கு.

என் மகன் ஓடிப் போய் மாமனாரை அலாக்காகத் தூக்கினான். "கலக்கிட்டீங்க மாமா" என்று ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் என்னைத் தொட்டுப் பேசியே பல வருடம் ஆகிறது. எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. போதாததற்கு சம்பந்தி கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "இது நம்ம ரெண்டு பேருக்கும்தான் சம்பந்தி, வாங்க, போட்டோ எடுத்துக்கலாம்." கோப்பையின் ஒரு காதை நானும் மறு காதை அவரும் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் போட்டோ இன்றும் என் மகன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

அதன்பிறகுதான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆமாம், ஆராய்ச்சி என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் முறை கோழிக்கு மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சம்பந்திக்கு வறுத்த முந்திரி என்றால் உயிர். சம்பந்தியம்மா கொலஸ்டிரால் என்று அதைக் கண்ணில் காட்டுவதில்லை. நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு வருவேன். வாத்தின் பெருமையைச் சொல்லும்போது அவர் உற்சாகத்தில் ஒரு அடி பின்னால் போவார். டிக், ஒரு முந்திரி. பேச்சு பாட்டுக்குப் பேச்சு, முந்திரி பாட்டுக்கு முந்திரி. அவர் எதையும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் டிக் முதலில், அடி பிறகு என்று ஆனது. கோழிக்கு இதற்கு மூன்று மாதம் பிடித்தது, படித்த மனிதர் அல்லவா. இருபதாம் நாள் கடையில் பணம் கட்டும் வரிசையில் அவருக்கு முன்னால் நின்று ஒரு டிக் கொடுத்தேன். பின்னால் நின்ற அம்மாவின் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, என்னன்னே தெரியல" என்று அசடு வழிந்தார். முப்பத்து மூன்றாம் நாள் மகன் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மூன்று டிக். மூன்று அடி எடுத்து வைத்து ஃபிரிட்ஜில் போய்ச் சாய்ந்தார்.

"மாமா ஏன்ப்பா இப்படிப் பின்னாலயே போயிட்டு இருக்காரு?" என்று மகன் என் காதில் கேட்டான்.

"வயசாகுதுல்ல" என்றேன்.

மருமகளுக்கு முகமே மாறிவிட்டது. "காது டாக்டரைப் பார்த்துடலாம்ப்பா. காதுல கோளாறு இருந்தா இப்படித் தள்ளாடுமாம்."

"எனக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. உன் மாமனார் வீட்டு மாடிக் காத்து அப்படி" என்று சம்பந்தி சிரித்தார்.

எங்கள் மொட்டை மாடியின் மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. கொத்தனார்கள் பத்தடி நீளத்துக்கு இடித்துவிட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தது நான்தான். கோழிகள் அதில் சிக்கிக்கொள்ளக் கூடாதே என்று அவிழ்த்தேன். கோழிகள் அன்று கூண்டில்தான் இருந்தன.

நாற்பத்தொன்றாம் நாள், மாலை ஐந்தரை மணி. சம்பந்தி வெறும் கையோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இடித்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நிற்கும்படி நான் எதிரே வந்து நின்றேன். முப்பத்தொரு வருடம் வண்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று பார்த்துப் பழகிய கண் இது. மூன்று அடி இருந்தது.

டிக். ஒரு அடி வைத்தார். முந்திரிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன்.

டிக். இரண்டாவது அடி. வாயில் முந்திரியோடு சொன்னார்: "மேடம் ஒன்பது முட்டை வெச்சு அடையில உட்கார்ந்துட்டா சம்பந்தி. அவளைக் கிளப்ப மனசு வரல. இந்த வருஷம் நான் போட்டிக்கு வரல. கோப்பை உங்களுக்குத்தான்."

என் கட்டைவிரல் பேனாவின் மேல் இருந்தது. அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது, காது எனக்கும் சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தேன். ஆனால் பாடத்தைப் பாதியில் நிறுத்தினால் அதுவரை பழகியது அத்தனையும் பாழ். பிராணிகளைப் பழக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அழுத்தினேன்.

நான்கு மாடி. வாசலில் மனைவி கத்தும் சத்தம் கேட்டது. கயிற்றை முன்போலவே கட்டிவிட்டு இறங்கினேன்.

மருமகள் அன்றிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். அன்றைக்கே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், நான்தான் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். என் மகன் அந்த வாத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பெண்ணின் மனசு ஆறட்டும் என்றுதான் இங்கே வந்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் கேட்க நன்றாக இருக்கும். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

ஆனால் நேற்று உங்கள் அறிக்கையை மகன் வாசித்துக் காட்டினான். நிலை தடுமாறி, கால் தவறி விழுந்து இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவெல்லாம் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இன்ஸ்பெக்டர், அவர் தடுமாறவில்லை. நான் எதிரே நின்று பார்த்தவன். மூன்றாவது அடியும் முதல் இரண்டைப் போலவே நேராக, அதே அளவில், துளி தயக்கமில்லாமல் வைத்தார். நாற்பத்தொரு நாளில் அந்த மனிதரின் கால் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, பழக்கியவர் என்று போட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.