பால் நிறத்து ஒயில்

பால்தேத்தண்ணி வேண்டாம் சேர். வெறுந்தேத்தண்ணி எண்டால் குடிப்பன். உடம்புக்கு வருத்தம் ஒண்டுமில்லை, உந்த நிறம்தான் எனக்கு ஒத்துவராது. போட் இஞ்சினின்ர கியர்பெட்டிக்குள்ள கடல்தண்ணி போனால் அதுக்குள்ள இருக்கிற ஒயில் எண்ணெய் உந்த நிறத்துக்குத்தான் வரும். இந்தத் தொழிலிலயே கிழவனாப் போன எனக்கு, கடையில ஆரும் பால்தேத்தண்ணி ஆத்தினாலும் அங்காலை பார்க்கத்தான் மனம் வரும்.

என்னை ஞாபகமிருக்கும். அப்புத்துரை, கள்ளப்பாடு ஊர் மெக்கானிக். என்ர மருமகன் அஜந்தனின்ர போட்டை ஆளில்லாமல் கட்டியிழுத்துக் கரைக்குக் கொண்டு வந்த நேரம், இஞ்சினைக் கழட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லிப் பொலிசில இருந்து நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டனீங்கள். மகளின்ர புருசன் செத்த இஞ்சினை மாமனையே திறக்கச் சொல்லுறதே எண்டு பக்கத்தில நிண்டவை குறைப்பட்டவை. எனக்கு அது பிழையாப் படேல்லை. வேற ஆர் பார்க்கிறது? தண்ணி போகாமல் தடுக்கிற றப்பர் சீல் வெட்டுப்பட்டு உப்புத்தண்ணி போயிருக்கு, பெயரிங் இறுகியிருக்கு எண்டு சொன்னனான். நீங்கள் எழுதினீங்கள், நான் கையெழுத்து வைச்சனான். அதில ஒரு சொல்லும் பொய்யில்லை. இண்டைக்கு வந்தது மிச்சத்தைச் சொல்ல.

தண்ணி போனதைக் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தையில்லை. இஞ்சினின்ர அடிக்கால், அதுதான் தண்ணிக்குள்ள நிக்கிற பகுதி, அதுக்குக் கீழ ஒரு ஸ்குறூ இருக்கு. இஞ்சினை நல்லா ஆறவிட்டுத்தான் அதைக் கழட்டவேணும். அவசரக்காரர் சூட்டோட கழட்டிப்போட்டு ஒண்டும் விளங்கேல்லை எண்டுவினம். ஆறவிட்டால் தண்ணி அடிக்கு இறங்கிடும். முதல் தெளிஞ்ச தண்ணி சொட்டினால், இப்பதான் போயிருக்கு, பயமில்லை. பாலா வழிஞ்சால் பல்லுச்சில்லுகள் தண்ணியையும் ஒயிலையும் சேர்த்துக் கடைஞ்சிருக்கு, கனநாள் ஓடியிருக்கு எண்டு அர்த்தம். சந்தேகமெண்டால் சுட்ட தகரத்தில ஒரு துளி விடுவன். நல்ல ஒயில் பேசாமல் புகையும், தண்ணி கலந்தது தாளிக்கிற கடுகு மாதிரி வெடிக்கும். கடைசியா அந்த ஸ்குறூவைப் பார்க்கவேணும். அதின்ர நுனியில காந்தம் இருக்கு, தேயிற இரும்பு அதில வந்து ஒட்டும். தூளா ஒட்டியிருந்தால் இஞ்சினுக்கு வயசு போயிட்டுது. சிராய் சிராயா ஒட்டியிருந்தால், உள்ளுக்க உடையத் தொடங்கிட்டுது. அதைக் கொண்டு கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது.

எங்கட கரையில ஆரும் உதெல்லாம் பார்க்கிறேல்லை. அப்புத்துரை அண்ணை ஓம் எண்டால் தள்ளுவினம், இல்லை எண்டால் இழுத்து வைப்பினம். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை, இந்த ஒருக்காலைத் தவிர.

மகள் கிருசாந்தி எனக்கு ஒரே பிள்ளை எண்டு சனம் சொல்லும். அது சரியில்லை, மிஞ்சின பிள்ளை. என்ர மனுசி இராசேஸ்வரியும் மூத்த பெடியனும் கடைசிச் சண்டையில மாத்தளன் பக்கம் ஒரே பங்கருக்குள்ள முடிஞ்சுபோச்சினம். நானும் இவளும் தண்ணி அள்ளப் போனதால தப்பினனாங்கள். பிறகு செட்டிகுளம் முகாமில, சட்டை நுனியைக் கையில பிடிச்சபடிதான் ராவில நித்திரை வரும். அவளுக்கில்லை சேர், எனக்கு. நான்தான் அவளின்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு படுப்பன்.

அஜந்தனிலை எனக்கு ஒரு கோவமுமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ. குடியில்லை, கை நீட்டினதில்லை, கடலால வந்தால் நல்ல மீனாத் தெரிஞ்சு முதல் எனக்குத்தான் அனுப்புவான். கறிக்கு உப்புக் கூடினால், “மாமா, கடலையே ஊத்திச் சமைச்சனீங்களோ?” எண்டு பகிடி விடுவான். நானும் சிரிப்பன். கனடாவில இருக்கிற தமக்கை விமலேஸ்வரி இவையளைக் கூப்பிட ஒழுங்கு செய்யுமட்டும் எங்களுக்குள்ள ஒரு கசப்பும் வரேல்லை.

ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தான். “மாமா, எல்லாம் சரிவந்திட்டுது. போட்டையும் இஞ்சினையும் வித்துப்போட்டு வெளிக்கிடுறதுதான். உங்களையும் பிறகு எடுக்கிறம்.”

பிறகு எடுக்கிறம் எண்டு போனவை ஒருத்தரும் எடுத்ததை நான் காணேல்லை. மகளிட்டைக் கேட்டன், இஞ்சை என்ன பிள்ளை குறை எண்டு. “உங்களுக்கு விளங்காது அப்பா” எண்டு சொல்லிப்போட்டுப் பேத்திக்குச் சோறு தீத்தப் போயிட்டாள். விளங்காமல் என்ன? அந்தக் குஞ்சு அம்மப்பா எண்டு மழலையில என்னைக் கூப்பிட இப்பதான் தொடங்கியிருந்தது. எனக்கு வயிறு எரிஞ்சது சேர். மறைக்கேல்லை.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில வைகாசியில வாற பொங்கல் கிட்டின கிழமை அது. கடல்தண்ணி எடுத்து முள்ளியவளையில விளக்கேத்தியாச்சு. கண்ணகை அம்மனுக்குக் கடல்தண்ணியிலயும் விளக்கெரியும். பெயரிங்குக்கு உதவாது. அஜந்தன் இஞ்சினைக் கொண்டு வந்தான், “விக்க முதல் ஒருக்கால் பாருங்கோ மாமா, சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு” எண்டு. ஆறவிட்டுக் கழட்டினன். பாலா வழிஞ்சது. புரொப்பெல்லரை எடுத்துப் பார்த்தால் பின்னால தங்கூசி வலைநூல் சுத்தி இறுகி, றப்பர் சீலை வெட்டியிருந்தது. காந்தத்தில சிராய்.

நான் அந்தச் சிராயைத் துணித்துண்டால துடைச்சனான். வெட்டுப்பட்ட சீலுக்குப் புதுசு போடேல்லை. புது ஒயில் விட்டனான். அடி ஸ்குறூவைப் பூட்டேக்க அதுக்குப் போடவேண்டிய வாசரைப் போடேல்லை. வாசரில்லாட்டி ஓட ஓட ஒயில் கசிஞ்சு போகும், போன இடத்துக்குத் தண்ணி வரும். அந்த நேரம் என்ர எண்ணமெல்லாம் இஞ்சின் பழுதாகவேணும் எண்டுதான். பழுதான இஞ்சினை ஆரும் வாங்காயினம். பயணம் பிந்தும், பிந்தினால் மனமும் மாறும். கரைக்குக் கிட்ட நிண்டால் ஆரும் கட்டியிழுத்து வருவினம். வழமையா அப்பிடித்தான் நடக்கிறது.

பொங்கலண்டு எங்கட கரையில ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. எல்லாரும் கோயிலில. ஆனால் அடுத்தநாள் விரதம் முடிஞ்ச சனம் மீனுக்கு அடிபடும், மீன் இராது. அஜந்தன் அதைத்தான் யோசிச்சவன். கூடப் போற பெடியன் காவடி எடுக்கிறான், தான் தனியப் போய் வாறன் எண்டான்.

“அம்மன் கோவிக்காதோ தம்பி?”

“அம்மனும் நாளைக்கு மீன் கேப்பா மாமா. இஞ்சின் எப்பிடி? தூரம் போகலாமோ?”

“ஓம், போ. ஒயில் மாத்தியாச்சு.”

ஒயில் மாத்தினது உண்மை. போட்டுக்குள்ள கிடந்த சவளை, அதுதான் இஞ்சின் நிண்டால் கையால வலிக்கிற துடுப்பை, திருத்தவெண்டு அவனுக்குச் சொல்லாமல் முதல்நாளே வீட்டை கொண்டு வந்திட்டன். அது வெடிச்சிருந்ததும் உண்மை. அது சோழகக் காத்துக் காலம். சோழகம் எங்கட கரையில இருந்து கடலுக்குப் பிடிச்சுத் தள்ளுற காத்து. நிண்ட போட்டை அது ஒருநாளும் கரைக்குக் கொண்டு வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது எண்டு சொன்னால் நீங்களும் நம்பமாட்டியள், நானும் தொழிலறியாதவன் எண்டு ஆகிடும்.

வெயில் ஏற நாங்கள் கோயிலில நிண்டம். கிருசாந்தி பொங்கல் பானையை ஏத்திப்போட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், பேத்தி என்ர தோளில. போன் அடிச்சது. அஜந்தன். காத்து இரைச்சல், விட்டு விட்டுத்தான் கேட்டது. “மாமா, இஞ்சின் இறுகி நிண்டுட்டுது. கரை இன்னும் தெரியுது. சவளையும் காணேல்லை. ஆரையும் கெதியா அனுப்புங்கோ.”

“ஓம் தம்பி, அனுப்புறன். பயப்பிடாதை.”

அவன், “சரி மாமா” எண்டான். குரலில பயம் இருக்கேல்லை. அதுக்காக நான் சந்தோசப்பட்டனான். கடலுக்குள்ள பயந்துகொண்டு இருக்கிறது நல்லதில்லை.

சுத்திவரப் படகுக்காரர்தான் நிண்டவை. சட்டையைக் கழட்டிச் சால்வை கட்டி, திருநீறு பூசி, கையெட்டுற தூரத்தில. ஒருத்தனுக்கு ஒரு சொல் சொன்னால் காணும், காவடியையும் விட்டுப்போட்டு ஓடியிருப்பினம். நான் போனை நிப்பாட்டினன். சன்னிதியில போன் அடிக்கிறது மரியாதையில்லை.

“ஆர் அப்பா? அவரோ?” எண்டு கிருசாந்தி கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை. வாடிக்கைக்காரர் ஒராள்.”

பானை நல்லாப் பொங்கி வழிஞ்சது. அவள் சிரிச்சாள்.

அடுத்தநாள் விடிய, போட்டைக் காணேல்லை எண்டு முதல் கத்தினது நான்தான். எல்லாரும் போனவை. நேவியும் தேடினது. சோழகம் கொண்டுபோனதை ஆர் பிடிக்கிறது? தெற்கில இருந்து வந்து பலநாள் ஆழ்கடலில தங்கிற பெரிய போட் ஒண்டுதான் கனநாளுக்குப் பிறகு வெறும் போட்டைக் கண்டு கட்டியிழுத்து வந்தது. நீங்கள் என்னைக் கூப்பிட்டியள். வாசர் இல்லாததை நான் சொல்லேல்லை, நீங்களும் கேட்கேல்லை. போன் எடுத்த விவரத்தைத் தேடியிருந்தால் கண்டுபிடிச்சிருப்பியள். குறையாச் சொல்லேல்லை சேர், உங்களுக்கு எவ்வளவு வேலை.

கிருசாந்தி எங்கட வீட்டுக்கே வந்திட்டாள். குசினியில திரும்பவும் பெம்பிளைக் கை. பின்னேரத்தில பேத்தி மடியில. அவள் கதைக்கிறது குறைவு, சாப்பிடுறதும் குறைவு, விறாந்தைக் கதிரையில இருந்து கடலைப் பார்த்தபடி. காலம் போனால் மாறும் எண்டு விட்டன். சொல்ல வெக்கம்தான், நான் சந்தோசமா இருந்தன் சேர். சண்டை முடிஞ்ச நாள்தொட்டு அப்பிடி நித்திரை கொண்டதில்லை.

பிறகு விமலேஸ்வரி திரும்பவும் போன் எடுத்தா. தம்பிதான் இல்லை, தம்பியின்ர பிள்ளையையாவது தன்ர கண்ணுக்கு முன்னால வளர்க்கப்போறாவாம். எல்லாம் ஒழுங்கு செய்து ரிக்கெற்றும் அனுப்பிப்போட்டா. நான் மகளின்ர காலில விழாத குறை. அவள் சொல்லுறாள், “இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இனி என்னால இருக்கேலாது அப்பா.” கடல் என்ன செய்தது? நான் எவ்வளவு சொல்லியும் அவளுக்கு விளங்கேல்லை.

அதுதான் வந்தனான். அஜந்தனை நான்தான் கொலை செய்தனான். சுத்தி வளைக்காமல் அப்பிடியே எழுதுங்கோ. ஸ்குறூவைத் துடைச்ச துணித்துண்டு, வாசர், சவள் எல்லாம் வீட்டில கிடக்கு, எடுத்துத் தாறன். போன் வந்ததுக்கும் நான் இல்லை எண்டு சொன்னதுக்கும் சாட்சி கிருசாந்திதான், வேற ஒருத்தருமில்லை. அவள் கோட்டுக்கு வரத்தான் வேணும். வழக்கு முடியுமட்டும் முக்கியமான சாட்சி நாட்டை விட்டுப் போகேலாது, பாஸ்போட்டையும் வாங்கி வைப்பினம் எண்டு கரையில கதைக்கினம். கொலை வழக்கு வருசக்கணக்கில இழுபடுமாம். உண்மையோ சேர்? அவளின்ர பயணம் வாற கிழமை. கோவிக்காமல் இண்டைக்கே எழுதி முடியுங்கோ.

என்னை வவுனியா மறியல் சிறையில போட்டாலும் காரியமில்லை. நேர பஸ் இருக்கு. கொஞ்ச நாள் அழுவாள், பிறகு பேத்தியையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வருவாள். அவளுக்கும் என்னை விட்டால் வேற ஆர் இருக்கினம்?