சாயங்காலத்துக்குள் ஒரு தப்பு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இருந்தும் இந்தப் புதுச்சேரியில் இரண்டு கடைக்கு முதலாளி. அந்தக் கொரோனா மார்கழியில், மருந்துக் கடை வாசலில் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் எல்லாரையும் போலத்தான் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். தள்ளித் தள்ளி நின்றதால் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள். மூத்தவர் கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் இருந்தன.

“சாயங்காலத்துக்குள்ள இதுல ஒரு தப்பு போடணும்டி.”

“நம்ம ஊருக்கு ஸ்வெட்டரே தப்பு. அதுல இன்னொரு தப்பா அக்கா?”

“பாரீஸ்ல எம்பொண்ணு தனியா ரூம்ல அடைஞ்சு கெடக்கா. வேல இல்ல, வெளிய போவ முடியாது, ஒரே குளிரு. போன் பண்ணா அழுவத்தான் செஞ்சா. நீ அங்க கத்துக்கிட்ட பின்னல எனக்கும் கத்துக் குடுடின்னு கேட்டேன். இப்ப தெனம் அவளே வீடியோல கூப்புட்டு, நான் விட்ட கண்ணியப் பாத்துத் திட்டித் திட்டிச் சிரிக்கிறா.”

“நீ சின்னப் புள்ளையிலயே கன்னியாஸ்திரிங்ககிட்ட கத்துக்கிட்டவளாச்சே! அது அவளுக்குத் தெரியாதா?”

“தெரியாதுன்னுதான் நெனச்சேன்.” மூத்தவர் ஊசியை நிறுத்தினார். “நேத்து போனை வெக்கறப்போ சொல்றா, ‘நாளைக்கும் தப்பாவே போடும்மா’ன்னு.”

கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் நகரவில்லை. யாருக்காகவும் காத்து நின்று பழக்கமில்லாத நானும் அவசரப்படுத்தவில்லை.