ஆற்று மீனுக்கு வக்காலத்து

ரப்பர் பூட்ஸைக் கழற்றியதும் கால்விரல் இடுக்குகளைத் துடைத்துக் காயவிட வேண்டும். என் தங்கைக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. ஈரக் காலோடு அலுவலகம் முழுக்க நடப்பாள், பின்னாலேயே நான் துடைத்துக்கொண்டு போவேன். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாங்கள் எப்படிப்பட்ட இருவர் என்று தெரிந்தால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

மீன்குஞ்சுப் பண்ணைக்கு அவள் பொறுப்பாளர். அதே வளாகத்தில் நோய் ஆய்வுக்கூடம் என் கையில் இருந்தது.

அவளுடைய தொட்டி மீன்கள் அழகானவை. தீனி வாளியைத் தட்டினால் முண்டியடித்துக்கொண்டு வரும். முதலில் வருபவற்றையே அவள் தாய்மீனாக எடுப்பாள். வலையோடு அலைய வேண்டாம் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அப்படிச் செய்ததில் தொட்டிகள் எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன. மீன் உடம்பில் கிருமியை இனம்காட்டும் மரபணுக்கள் உண்டு. ஒவ்வொரு வகையும் சில கிருமிகளை மட்டுமே அறியும். ஆற்றில் பிடித்தவற்றில் அந்த மரபணு வகை, மீனுக்கு மீன் வேறாக இருந்தது. எந்தக் கிருமி வந்தாலும் ஏதோ ஒரு மீனுக்கு அதைத் தெரிந்திருக்கும். அவளுடைய மீன்களில் இருந்தது இரண்டே வகை.

அந்தக் குஞ்சுகளைத்தான் ஆற்றில் விடப்போவதாகச் சொன்னாள். ஆற்றில் மீன் குறைந்து வந்தது உண்மை. வலை வீசுபவர்கள் பண்ணை வாசலில் வந்து நின்றதும் உண்மை.

"வேண்டாம்டி. ஆத்து மீனோட கலந்துடும். கொஞ்ச காலத்துல ஆறே உன் தொட்டியாயிடும்."

"ஆனா என்னக்கா? என் மீனுக்கு என்ன குறைச்சல்? கொழுகொழுன்னு இருக்கு."

"ஒரு நோய் வந்தா மொத்தமும் போகும்."

"வரும்போது பாத்துக்கலாம். நீ உன் குப்பியெல்லாம் பத்திரமா பூட்டி வை, போதும்."

மேலதிகாரிகள் வந்த கூட்டத்தில் நான் இதையே விளக்கினேன். அவள் எழுந்தாள். "நான் ஆத்துக்கு மாப்பிள்ளை அனுப்புறேன். எங்க அக்கா பொண்ணு வீட்டு அத்தை மாதிரி நொட்டை சொல்லிக்கிட்டிருக்கா." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவமானத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சிரிப்பவர்களுக்கு வாயால் புரியவைக்க முடியாது என்று அங்கே தெரிந்தது, அவ்வளவே.

குப்பிகளைப் பத்திரமாகத்தான் பூட்டி வைத்திருந்தேன். செவுளை அழுகவைக்கும் கிருமி ஒன்றை எடுத்து, குஞ்சு விடுவதற்கு முந்தைய வாரம் அவளுடைய தொட்டிகளில் கலந்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதுவரை உங்களுக்கும் என் நியாயம் புரிகிறது, முகத்திலேயே தெரிகிறது. குழாயைப் பற்றிக் கேட்கத்தான் தயங்குகிறீர்கள். தொட்டிக் கழிவுநீர் ஆற்றுக்குப் போகும் குழாயில் அடைப்பான் இருக்கிறது. நோய் கண்டதும் அதை மூடுவது என் வேலை. மூடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் தண்டனை குறையும் என்றார் வக்கீல். நான் எதையும் மறப்பவள் அல்ல. தொட்டி மீன் செத்தது பாதி பதில். ஆற்று மீன் பிழைத்தால்தான் பதில் முழுமையாகும். என் மீன்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

கரையெல்லாம் மீன் ஒதுங்கியது. நாற்றம் தாங்காமல் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். வலை வீசிய குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டன என்கிறீர்கள். போயிருக்கலாம். ஆனால் சில மீன்கள் பிழைத்தன. நான் சொன்னது பலித்தது.

பிழைத்தவற்றைப் பரிசோதித்தவள் தங்கைதான். முடிவு தெரிந்ததும் என் அறைக்கு வந்தாள்.

"குழாயைத் திறந்தே விட்டது நீயாக்கா?"

"ஆமா."

"மிச்சம் இருக்கிற அத்தனை மீனுலயும் ஒரே மரபணு வகைதான் இருக்கு. வேற எதுவும் தப்பிக்கல."

"அதுதானே இந்தக் கிருமிய ஜெயிச்சிருக்கு."

"என் தொட்டியிலகூட ரெண்டு இருந்துச்சுக்கா," என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் எப்போதுமே அவசரக்காரி.

செய்ததை மறுக்கவில்லை, வருந்தவும் இல்லை. தொட்டியைக் கொன்றதும் ஆற்றைக் கொன்றதும் நான்தான், தெரிந்தேதான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று. பக்கத்து நதிகளிலிருந்து மீன் கொண்டுவந்து விட வேண்டும் என்று தங்கை பேசிக்கொண்டு திரிகிறாளாம். அனுமதிக்காதீர்கள். பிழைத்தவை சோதனையில் தேறியவை. அவற்றோடு வேறு எதையும் கலக்க விடக் கூடாது.