பாதிக்கு மேல் அவன் தப்பு

நான் வந்தது என் பேனாவை வாங்கிட்டுப் போகத்தான் மேடம். ஒரு வெள்ளிப் பேனா கிடைச்சிருக்கு, உங்க பேர் பொறிச்சிருக்கு, வந்து பாருங்கன்னு நேத்து நீங்க போன் பண்ணதும் சந்தோஷமா இருந்தது. இருபது வருஷ சர்வீசுக்குக் கம்பெனி கொடுத்த பேனா அது. தொலைஞ்ச பொருளைத் தானா கூப்பிட்டுக் கொடுக்கிற போலீசை நான் பார்த்ததே இல்லை.

உட்காரச் சொன்னீங்க, தண்ணி கொடுத்தீங்க. அப்புறம், இத்தனை வருஷம் அடிபட்டவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கிறது கஷ்டமா இல்லையான்னு கேட்டீங்க. என் மனைவிகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. அதனால சொல்றேன். எழுதுறவரை நிதானமா எழுதச் சொல்லுங்க. பிழை விடுற ஆள்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில விபத்து விசாரணை பண்றவன். யாராவது விழுந்தாலோ நசுங்கினாலோ போய்ப் பார்த்து, அதுல அடிபட்டவன் தப்பு எத்தனை சதவீதம்னு கண்டுபிடிக்கணும். இருபதுன்னா நஷ்டஈட்டுல இருபது வெட்டு. பாதிக்கு மேல அவன் தப்புன்னு ஆயிட்டா ஒண்ணுமே கிடையாது. இது கம்பெனி விதி, நான் போட்டது இல்லை.

இதுக்குப் பெரிய மூளையெல்லாம் வேண்டாம். கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமோன்னு தோணுதா?" எல்லாரும் ஆமான்னு சொல்லிடுவாங்க. லாரிக்காரன் ஏத்தினதுல கால் போனவன் சொன்னான். பாய்லர் வெடிச்சு முகம் வெந்துபோன அம்மா வாயைத் திறக்க முடியாம தலையை ஆட்டினாங்க. தன்னைத்தானே திட்டிக்கிறதுல ஜனங்களுக்கு அப்படி ஒரு சுகம். நான் அதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்துடுவேன்.

இந்தப் பெயிண்டர் மட்டும் பிடி கொடுக்கலை. கிடங்குச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனவன், சாரத்துப் பலகை உளுத்துப்போய் உடைஞ்சு, இருபதடி கீழே விழுந்து முதுகெலும்பு போச்சு. கிடங்கு எங்க கம்பெனியில இன்ஷூர் பண்ணது. கையைப் பிடிச்சுக் கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "இல்ல சார், நான் கவனமாத்தான் இருந்தேன். பலகை மோசம்னு ரெண்டு தடவை சொன்னேன், பெல்ட்டும் கேட்டேன்"னு சொன்னான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். என் கையிலிருந்து அவன் கையை மெதுவா எடுத்துக்கவும் செஞ்சான்.

அவன் சம்சாரம் பரவாயில்லை. நான் கேட்காமலே, "காலையில நான்தான் சண்டை போட்டேன், சாப்பிடாம போயிட்டாரு"ன்னு அழுதா. சாப்பிடாம வேலைக்குப் போனான், மயக்கம் வந்திருக்கும்னு எழுதி, தட்டிக் கொட்டி நாற்பது கொண்டுவந்தேன். நாற்பதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மீதி அறுபதை வாங்கிக்கிட்டு அவன் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடுவான். ஆபீஸ்ல எங்க மேனேஜர், நெஞ்சுல ஈரமும் மண்டையில சரக்கும் இல்லாத ஆள், என்ன சார் கை தளர்ந்துபோச்சான்னு நாலு பேர் முன்னால என்னைக் கேட்டான்.

பெயிண்டருக்கு ஆபரேஷன் பண்ணித் தகடு வெச்சு வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. ஆறு வாரம் இடுப்புப் பட்டை இல்லாம எழுந்திருக்கக் கூடாது, திரும்பக் கூடாது, குனியக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுவத்துலயே ஒட்டியிருந்தாங்க. அதை அவங்க படிச்சதைவிட நான் கவனமாப் படிச்சேன்.

அடுத்த வாரம் போனேன். அவசரப் பணத்துக்கு ஒரு பாரம், இன்னிக்கே கையெழுத்து வேணும்னு சொன்னேன். அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லி சம்சாரத்தை அனுப்பினேன். அப்படி ஒரு பாரமே கிடையாது, அது எங்க ஆபீஸ் லீவு விண்ணப்பம். அதை அவன் நெஞ்சு மேல வெச்சேன். பேனாவை ஸ்டூல் மேல, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி வெச்சேன். பட்டை நாற்காலியில மாட்டியிருந்தது, நான் அதுல சாய்ஞ்சு உட்கார்ந்தேன்.

"சார், அந்தப் பேனாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க"ன்னு கேட்டான். நான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. அவன் இன்னொரு தடவை கேட்டான், மரியாதையாத்தான். அப்புறம், பெரிய மனுஷன் பேசும்போது தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சானோ என்னவோ, தானே கையை நீட்டினான். விரல் நுனி பேனாவைத் தொட்டது, இன்னும் கொஞ்சம் நீட்டினான். மூட்டை சரிஞ்ச மாதிரி ஒரு சத்தம். நான் போன்ல, அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லி வெச்சேன்.

பக்கத்துல மண்டிபோட்டு உட்கார்ந்து, ரெக்கார்டரைப் போட்டு, என் கேள்வியைக் கேட்டேன். "ஆமா சார். கொஞ்சம் பொறுத்திருக்கணும்"னான். இருபத்திமூணு வருஷத்துல எந்த ஆமாவும் எனக்கு அவ்வளவு நிறைவாக் கேட்டதில்லை. இனிமே எந்த முறிவு சாரத்துல வந்தது, எது கட்டில்ல வந்ததுன்னு எந்த டாக்டராலும் பிரிக்க முடியாது. டாக்டர் பேச்சை மீறினவன் தப்பு அறுபது.

விழுந்தவனை அசைக்கக் கூடாதுங்கிறது விதி. அதனால அசைக்கலை, ஆம்புலன்சையும் அவன் சம்சாரம் வந்துதான் கூப்பிட்டா, அரை மணி நேரம் கழிச்சு. நான் பேனாவையே வெளியில எடுக்கலை, வாசல்ல போன் பேசிட்டு உள்ளே வந்தப்பவே இவர் கீழே கிடந்தார்னு அவகிட்ட சொன்னேன், அப்படியே ரிப்போர்ட்டும் எழுதினேன். மூணாம் நாள் அவன் செத்துட்டான். தூக்கும்போது அவன் கைக்குள்ள பேனா இருந்ததை நான் பார்க்கலை. அவ பார்த்து உங்ககிட்ட கொண்டுவந்து கொடுத்திருக்கா. அழுமூஞ்சின்னு அவளைக் கணக்குல எடுத்துக்காதது என் தப்புதான்.

ஆனா பங்கைச் சரியா எழுதுங்க மேடம். பலகைக்குக் கிடங்குக்காரனுக்கு முப்பது. பேனாவைத் தள்ளி வெச்சதுக்கு எனக்குப் பத்து. மீதி அறுபது அவனுக்கு. கொலையில சதவீதம் கிடையாதுன்னு இப்பச் சொல்றீங்க. சின்ன வயசு, போகப்போகக் கத்துக்குவீங்க. கஷ்டமா இல்லையான்னு நீங்க கேட்டீங்க பாருங்க, அதை மட்டும் நல்லாக் கேட்டீங்க. யாரு சொல்லிக் கொடுத்தாங்க?

எழுதி முடிச்சாச்சா? படிக்க வேண்டாம், சொன்னதெல்லாம் நான்தானே. எங்க கையெழுத்துப் போடணும்? என் பேனாலயே போட்டுடறேன். என்ன மேடம், மேசைக்கு அந்தக் கோடியில வெச்சுட்டீங்க. பரவாயில்லை, நீங்க எழுந்திருக்க வேண்டாம். நானே எட்டி எடுத்துக்கிறேன்.