வெளுத்துப்போன பாசி

“புரட்டாசி இரண்டாம் சனி, காலை, சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் பேருந்து” என்று என் குறிப்பில் இருக்கிறது. முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக, தொட்டியில் ஒற்றைச் செல் பாசி வளர்ப்பவர்கள். அவள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வெல்லத் தண்ணி ஊத்துனதால அது சமைக்கிறத நிறுத்திருச்சாம்.”

“எது?”

“நம்ம பாசிதான். வெயில வச்சுத் தானே சமைச்சுக்கிட்டு இருந்துச்சு. நாம ஊட்டவும் அடுப்ப அமத்திருச்சு. அதான் பச்சை போயிருச்சுன்னு மீன்துறை ஆபீசர் சொல்றாரு.”

“அப்ப சாகலையா?”

“சாகல. முன்னைக்கு இப்ப கொழுத்திருக்காம்.”

“வெளுத்துப்போயிக் கொழுக்குமா? ஏன்டி குழப்புற?”

“கல்யாணத்துக்கப்புறம் நீங்க கொழுக்கலையா? வெல்லத்த நிறுத்துனா திரும்பப் பச்சையாகுமாம்.”

அவர் முகம் மாறியது. “ஐயையோ, செத்துருச்சுன்னு தொட்டியக் கழுவச் சொல்லி என் தம்பிகிட்ட சொல்லிட்டு வந்தேனே! குஞ்சுக்கு வேற தீனி இல்லையே!”

அவள் உடனே போன் போட்டாள். “தம்பி, கொட்டிறாதீங்க... பாதி போயிருச்சா? மீதிய அப்படியே விடுங்க!”

“மீதி பச்சையாகுமா?”

“எனக்கென்ன தெரியும்?”

திண்டுக்கல்லில் இறங்கியவர்கள், எதிரே புறப்பட நின்ற சித்தையன்கோட்டைப் பேருந்தில் ஓடி ஏறினார்கள். மீதிப் பாசி பச்சையானதா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.