ஜாமீன் கையெழுத்து

மயிலாப்பூர் குளத்தருகே நான் ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. கடைசிப் படியில் ஒருவர் தொங்கிக்கொண்டு வந்தார். பாதி நரைத்த தலை, முதுகில் புத்தகப் பை. மேலே நின்ற நண்பரிடம் அவர் கத்திச் சொன்னது பஸ்ஸுக்கே கேட்டது.

"நாப்பது வயசுல, அப்பாவைக் கூட்டினு வான்னுட்டாங்க மச்சி."

"யாரு, காலேஜ்லயா?"

"பேங்க்ல. வேலைய உட்டுட்டு ஃபுல் டைம் லா படிக்கிறேன்ல, லோனுக்கு யாராச்சும் ஜாமீன் போடணுமாம்."

"ஒய்ஃப் போடலியா?"

"கல்யாண ரிஜிஸ்டர்ல போட்ட ஒரு கையெழுத்துக்கே இன்னும் அனுபவிச்சுக்கினு கீறேன்னுட்டா."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"'சார், பணத்தை இவன் கையில குடுக்காதீங்க, நேரா காலேஜுக்கே கட்டிடுங்க'ன்னு மேனேஜர்கிட்ட சொல்றாரு. அதோட உட்டாரா? பன்னெண்டாவதுல நான் கணக்குல ஃபெயிலானதையும் சொல்லிட்டாரு. டோக்கன் வெச்சிக்கினு குந்தியிருந்த அத்தினி பேரும் சிரிக்கிறான்."

"கையெழுத்து போட்டாரா இல்லியா?"

"போட்டாரு. போட்டுட்டு என் பைக் சாவிய வாங்கி வெச்சிக்கினாரு. படிக்கிற பையனுக்கு பைக் எதுக்கு, பஸ்ல போன்னுட்டாரு."

நண்பர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அடையாறு பாலம் வருவதற்குள் நரைத்தவரின் போன் அடித்தது.

"சொல்லுப்பா... பஸ்லதான்... சேச்சே, படியில தொங்கலப்பா, உள்ளதான் கீறேன்."

போனை வைப்பதற்குள் எங்கள் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்துவிட்டார்.